லண்டன் ஆற்றுக்கு அடியில் நடந்தவருக்கு

மாமா,

இன்று காலை பிரேசர் டவுன் ரயில் பாலத்துக்கு அடியில் நடந்து வந்தேன். நேற்றைய மழையில் சுவரெல்லாம் ஊறி, சேறும் கரிப்புகையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. உடனே உங்கள் நினைவு வந்தது. நல்ல வாடை எதிலும் நீங்கள் நினைவுக்கு வந்ததில்லை.

அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களுக்கு ஒரே கதைதான். யுத்தத்தின்போது பட்டாளத்துக் குமாஸ்தாவாக லண்டன் போனது, அங்கே ஆற்றுக்கு அடியில் தோண்டிய பழைய சுரங்கப் பாதையில் இக்கரையிலிருந்து அக்கரைவரை நடந்தது. "தலைக்கு மேல கப்பல் போவுது, கீழ நான் கைய வீசிக்கிட்டுப் போறேன். கூட வந்தவனெல்லாம் பயந்து திரும்பிட்டான்" என்பீர்கள். வீட்டுக்கு வந்தவர்கள் காப்பி ஆறும்வரை கேட்டாக வேண்டும். நானும் வாயைப் பிளந்து கேட்டவள்தான்.

அக்காவுக்கு வலி கண்ட அன்று மத்தியானம் மழை கொட்டியது. நர்ஸம்மா வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். சாக்கடை பொங்கி, பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீர். குடையோடு நின்று உங்கள் பூட்ஸைப் பார்த்தீர்கள், தண்ணீரைப் பார்த்தீர்கள்.

"வடியட்டும் பாப்பா. இதுல மனுஷன் எறங்குவானா?"

நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சுவரைத் தடவித் தடவித்தான் நடக்க முடிந்தது. நடுவில் ஏதோ காலில் சுற்றியது. கத்தினால் நீங்கள் கேட்டுவிடுவீர்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பும்போது நர்ஸம்மா பையைத் தலையில் வைத்து, ஒரு கையால் என் தோளைப் பிடித்திருந்தார். நீங்கள் அதே இடத்தில், அதே குடைக்குக் கீழே. பையை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்தீர்கள்.

அது உங்களுக்குப் போதுமாக இருந்தது. பிள்ளை பார்க்க வந்தவர்களிடம், வெள்ளத்தில் இறங்கி நர்ஸை அழைத்து வந்தது நீங்கள் என்று ஆகிவிட்டது. என்னை அருகில் வைத்துக்கொண்டே சொன்னீர்கள். அதன்பின் லண்டன் ஆற்றையும் நான் நம்பவில்லை.

போன மாதம் உங்களைப் பெட்டியில் கிடத்தியிருந்தபோது, "எனக்காக வெள்ளத்துல எறங்கினவரு எங்கப்பா" என்று உங்கள் மகள் அழுதாள். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்தாள். அவளுக்கு உண்மை தெரியாது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"விட்டுடுடி. நர்ஸம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க. அவரப் பத்திச் சொல்லிக்க வேற என்ன இருக்குது?"

நானாவது உங்கள்மேல் கோபமாக இருந்தேன். கோபப்படும் அளவுக்குக்கூட அவள் உங்களை மதித்திருக்கவில்லை. அவளுடைய அந்த அமைதியான குரல்தான் இன்னும் என் காதில் இருக்கிறது, மாமா. உங்களுடையது மறந்துகொண்டே வருகிறது.