தம்பியின் கணக்கிலிருந்து இறக்கிய கடிதங்கள்

ராஜபாளையம்
14.9.1999

அன்பு மகன் வைகுண்டராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் இன்று காலையிலும் விளக்கேற்றினேன், அதில் பொய் இல்லை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா பைக்கிலிருந்து விழுந்துவிட்டார் என்று போனில் சொன்னேனே, அதுதான் பொய். செண்பகத்தோப்பு ரோட்டில், உனக்குச் சித்தப்பா முறையான நம் பங்காளி சின்னக்கருப்பனின் அண்ணன் தம்பிமார் நாலு பேர் வண்டியை மறித்து, வேலிக் கம்பை உருவி, இடது கையை இரண்டு இடத்தில் ஒடித்துவிட்டார்கள். தலையில் எட்டுத் தையல். அடிக்கும்போதே, “பிள்ளைய ஏவிவிட்டு எங்க வீட்டு ஆளை வெட்ட வச்சேல்லா, அடுத்து உன் தலைதாம்லே” என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா, நான் ஏவவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிணற்றுத் தகராறில் வெட்டச் சொன்னது அவர்தான் என்று ஸ்டேஷனிலும் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள். உனக்குப் பார்த்திருந்த சேத்தூர்ப் பெண் வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதற்காக நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

கிணற்றடியில் நடந்ததைத் தம்பி எழுதித்தான் நீ அறிந்திருப்பாய், அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். அன்று வன்னியம்பட்டிப் பங்குக் கிணற்றில் மோட்டார் முறை சின்னக்கருப்பனுடையது. நம் பருத்திக்குக் கடைசி இரண்டு பாத்தி நனையவில்லை என்று அப்பா மோட்டாரை நிறுத்தவில்லை. “அண்ணே, என் முறைல்லா, நிறுத்துங்க” என்று அவர் மூன்று தடவை சொன்னார். முதலில் செருப்பைக் கழற்றி ஓங்கியது அப்பாதான். அதற்குப் பிறகுதான் சின்னக்கருப்பன் அப்பாவைக் கன்னத்தில் அறைந்தார். பங்காளிக்குள் நடந்தது, நாலு நாளில் ஆறியிருக்கும். அப்பாவே அன்று சாயங்காலம், “விட்டுருட்டி, எம்மேலயும் தப்பு இருக்கு” என்று என்னிடம் சொன்னார். ஒன்பதாம் நாள் மத்தியானம் உன் தம்பி காமராஜ், தெருவில் நாய் துரத்தினால்கூடக் கல்லெடுக்காத பிள்ளை, அரிவாளோடு மோட்டார் ரூமுக்குப் போனான்.

சின்னக்கருப்பன் மதுரை ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் இறந்தார், அது உனக்குத் தெரியும். அவர் இறந்த மறுநாள் நீ போன் போட்டாய். தம்பி எப்படி இருக்கிறான், அடித்தார்களா, சாப்பிட்டானா என்று எதுவும் கேட்கவில்லை. “தம்பியோட மெயில் பாஸ்வேர்ட் தெரியுமாம்மா? போலீஸ் பாத்தா அவனுக்குத்தான் ஆபத்து, நான் இங்கிருந்தே அழிச்சிருதேன்” என்றாய். டெலிபோன் ஆபீசில் இருபத்தாறு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அடுத்தவர் குரலைக் கேட்டவள் நான். எந்தக் குரலில் ஈரம் இருக்கிறது, எதில் பயம் இருக்கிறது என்று எனக்கு ஆளைப் பார்க்காமலே தெரியும். தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் சப்-ஜெயிலில் மனு போட்டுத் தம்பியைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவனிடம் பாஸ்வேர்டைக் கேட்டேன். “அண்ணன் பேருதாம்மா” என்றான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பிரௌசிங் சென்டர் நடத்துகிற நூர்பானுவைத்தான் போய்க் கூப்பிட்டேன். தம்பி அங்கேதான் போய் மெயில் பார்ப்பான். அவள் கடையைக் கணவனிடம் விட்டுவிட்டு என்னோடு நம் வீட்டுக்கு வந்தாள். பொங்கலுக்கு நீ வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரைத் துணி விலக்கி ஆன் செய்தாள். கணக்கின் பெயர், பாஸ்வேர்ட், எந்த சர்வரிலிருந்து இறக்குவது எல்லாம் அடித்துவிட்டு, நகல் அங்கேயும் இருக்கட்டும் என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். “இதப் போடலைன்னா இங்க இறங்குனதும் அங்க அழிஞ்சிரும்க்கா, எடுத்தது தெரிஞ்சிரும்” என்றாள். மோடம் கத்தியது, லைன் இரண்டு தடவை அறுந்தது, மூன்றாவது தடவை கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. நாற்பத்து மூன்று, தம்பி தான் எழுதியதற்குத் தனக்கே அனுப்பி வைத்திருந்த நகலும் சேர்த்து. நூர்பானு ஒன்றைத் திறந்து இரண்டு வரி பார்த்தாள், “நான் வெளிய நிக்கேன்க்கா, நீங்க பாருங்க” என்று எழுந்துவிட்டாள்.

நீங்கள் இரண்டு பேரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்குக் கண்ணால் பார்த்தால் விளங்கவில்லை, வாய்விட்டு எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். நீ சொன்னதையெல்லாம் நான் என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது ராசா. தம்பி முதலில், “அப்பா விடச் சொல்லுதாவ, விட்டுரட்டுமாண்ணே” என்றுதான் கேட்டிருக்கிறான். “அப்பாவை அடிச்சவன் கை இன்னும் தோள்லதான் இருக்கா? உனக்குச் சேலை வாங்கி அனுப்புதேன், கட்டிக்கோ” என்று நீ எழுதியிருந்தாய். ஒன்பது நாளில் பதினொரு கடிதம். எங்களுக்கு எழுத நேரமில்லை, வேலை வேலை என்பாயே, ஒரே நாளில் மூன்று எழுதியிருக்கிறாய். அவன் பயமாயிருக்கிறது என்று எழுதினால், நீ எங்கப்பனுக்குப் பிறந்தவன்தானா என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வி யாரைக் கேட்ட கேள்வி என்று உனக்குத் தோன்றவில்லையா? மத்தியானம் மோட்டார் ரூமில் தனியாகப் படுத்திருப்பான், கழுத்துக்குப் போகாதே, வலது தோளைப் பார்த்து இறக்கு, ஒரே வெட்டு என்று, தூரத்தில் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு இடமும் நேரமும் சொல்லியிருக்கிறாய். ஒரே வெட்டில் முடியவில்லை. ஐந்து விழுந்தது.

கடைசிக் கடிதம் தம்பியுடையது. வெட்டிவிட்டு நேராக நூர்பானு கடைக்குத்தான் போயிருக்கிறான். வாய்க்காலில் சட்டையை அலசி, நனைந்த சட்டையோடு வந்தானாம். எழுந்து போன பிறகு பார்த்தால், அலசியும் போகாமல் சட்டைக் கையிலிருந்து வடிந்து கீபோர்டில் விரல் விரலாக ரத்தம், அவள் கணவன்தான் துடைத்திருக்கிறார். “முடிஞ்சிட்டுண்ணே. ரத்தம் நிக்கல. சித்தப்பா தண்ணி கேட்டாவ, குடுக்காம ஓடியாந்துட்டேன். நான் இப்ப என்ன செய்யணும்?” என்று எழுதியிருக்கிறான். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு அவனாகவே எழுந்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். பதினொரு கடிதம் எழுதினவன், அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் போடவில்லை.

இதையெல்லாம் நான் படித்த மறுநாள் மறுபடி லைன் போட்டுப் பார்த்தேன். கணக்கு காலி. பாஸ்வேர்டை நீயே ஊகித்திருப்பாய். அங்கே துடைத்துவிட்டாய், நம் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியில் நாற்பத்து மூன்றும் அப்படியே இருந்தன. அப்பாவிடம் சொன்னேன். உனக்காகத்தான் அவர் அடியையும் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, கேட்காமலே அவருக்கு உன்னைத் தெரிந்திருக்கிறது. “நானே ஏவுனேன்னு எழுதிக் குடுத்துருதேன். ஒருத்தன் போனது போதும்” என்று சொல்லிக்கொண்டே கட்டுப்போட்ட கையோடு, வலது கையில் விறகுக் கோடாலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் குறுக்கே போனேன். கோடாலி டி.வி. மாதிரி இருக்கிற பாகத்தில் விழுந்து வெடித்தது, கண்ணாடி என் முழங்கையில் ஏறி எலும்பு தெரிந்தது. கீழே இருந்த பெட்டியின் மேல் நான் அப்படியே குப்புறப் படுத்துவிட்டேன். “தள்ளுட்டி, உன்னையும் சேத்து வெட்டிருவேன்” என்று கத்தினார். வெட்டுங்க என்றேன். கடிதமெல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது, உடைந்ததில் இல்லை என்று அவருக்குத் தெரியாது. கோடாலியைப் போட்டுவிட்டு என் ரத்தத்திலேயே உட்கார்ந்து அழுதார். முப்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

தம்பிக்கு வாதாடுகிற வக்கீலம்மா வெள்ளத்தாயிடம், நூர்பானு அச்செடுத்துக் கொடுத்த தாள்களைக் காட்டினேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, “இதக் குடுத்தா சின்னவன் வெளிய வந்துர மாட்டான், பெரியவன் உள்ள போவான். தாயி, யோசிச்சுச் செய்யுங்க” என்றார். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு வன்னியம்பட்டிக்கு பஸ் ஏறினேன். சின்னக்கருப்பன் பெண்டாட்டி குருவம்மாள் என்னை வாசலில் பார்த்ததும் விளக்குமாற்றை எடுத்து முகத்திலும் கழுத்திலும் விளாசினாள், கை ஓயும் வரைக்கும் நின்றேன். “யாருட்டி சொல்லிக் குடுத்தது? எதுத்து ஒரு சொல்லு பேசாத பய, ஒத்தையில வந்துருக்க மாட்டான்” என்று கேட்டாள். என் மூத்த மகன் என்றேன். தாளை எடுத்து அவளுக்கு வாசித்தேன். தண்ணி கேட்டாவ என்ற இடம் வந்ததும் அவள் என் மடியைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பிறகு அவளேதான், “போயி ஸ்டேசன்ல குடுத்துருங்கக்கா. என் கொழுந்தன்மார் உங்க வீட்டுக்காரவியள வெட்ட நாள் குறிச்சிருக்காவ. உங்க வீட்டுக்காரவிய ஏவிவிடலைன்னு நான் அவங்ககிட்ட சொல்லுதேன்” என்றாள்.

நேற்றுக் காலையில் பெட்டியையும் தாள்களையும் இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்பா நேற்று ராத்திரி திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார். உன்னைக் காட்டிக்கொடுத்தவள் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். உன் தம்பி ஐந்து வெட்டுக்கும் தலையைக் கொடுத்துக்கொண்டு கம்பிக்குள் நிற்கிறான், இதுவரை உன் பெயரை அவன் வாய் சொல்லவில்லை. தேடி வந்து பிடிக்கட்டும் என்று அங்கேயே இருந்துவிடாதே. நீயாக வா. திருவனந்தபுரத்தில் இறங்கி செங்கோட்டை வழியாக பஸ் பிடி, நான் ராஜபாளையம் ஸ்டாண்டில் நிற்பேன், வீட்டுக்குப் போக வேண்டாம், நேராக ஸ்டேஷனுக்குச் சேர்ந்தே போவோம். உன் பாஸ்போர்ட் கம்பெனியில்தானே இருக்கிறது, திரும்ப வாங்க எத்தனை நாள் ஆகும் என்று இதைப் படித்த அன்றைக்கே கேள், மறக்காதே. கொதிக்கிற வெயில், வெறும் வயிற்றோடு அலையாதே.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் ராசா. அதில் எத்தனை வருஷம் உள்ளே கழிந்தாலும், மனு போட்டு இரண்டு பேரையும் பார்க்க வருவேன், இரண்டு பேருக்கும் சேர்த்தே சோறு கட்டிக்கொண்டு வருவேன்.

உன்னைப் பெற்ற அம்மா
இ. சண்முகத்தாய்