வேர்களுக்கு இட்ட எண்

12 பெப்ரவரி 1996, திங்கள்

பேராசிரியர் இன்று கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: "தவமணி எழுதுவது வெறும் உறை. நிறுத்திவிடலாம்."

உறைதான். இந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் எழுதும் மென்பொருளுக்கு அட்சரகணிதக் குழுக்கள் என்ற கணித அமைப்புகள் தெரியாது. வேறொரு பல்கலைக்கழகத்தார் செய்த மென்பொருளுக்குத் தெரியும். என் நிரல் கேள்வியை அங்கே அனுப்பி, வரும் விடையை எங்கள் மென்பொருளுக்கு விளங்குகிற மாதிரித் திருப்பிக் கொடுக்கிறது. இதில் என்ன கேவலம்? எல்லாவற்றையும் தாங்களே முதலிலிருந்து எழுதினால்தான் இவர்களுக்குக் கணிதமா?

14 பெப்ரவரி

F4 என்ற குழுவுக்கு என் நிரல் தரும் விடை பிழை என்று பேராசிரியர் காட்டினார். குழுவின் அமைப்பைக் காட்டும் அம்புகளான வேர்களில், நீளமானவை வரவேண்டிய இடத்தில் குறுகியவை.

15 பெப்ரவரி

பக்கத்து மேசை லெஸ்லி அண்ணை, மன்னார்க்காரர், மெதுவாகச் சொன்னார். "உந்த வேலையை விடு தவம். ஏப்ரலோட உனக்கு கொன்ட்ராக்டும் முடியுது. பாங்கில டேற்றா என்ட்றிக்கு ஆள் எடுக்கினம்."

"முடிக்காமல் விடமாட்டன் அண்ணை."

குண்டு போடுற பொம்பர் மேல சுத்தேக்கையும் நான் யாழ்ப்பாணத்தில இதே வேர்களைப் படிப்பிச்சனான். F4 எனக்கு முன்னால நிண்டு பொய் சொல்லுமே?

20 பெப்ரவரி

F4 பொய் சொல்லவில்லை! இரண்டு மென்பொருளும் சரி. எங்கள் மென்பொருளில் வேர்களுக்கு இடமிருந்து எண் போடுகிறார்கள், மற்றதில் வலமிருந்து. இங்கே ஒன்று என்றால் அங்கே நான்கு. எல்லாக் குழுக்களுக்கும் எண்ணை மாற்றும் அட்டவணை போட்டுவிட்டேன். இனி ஒரு விடையும் பிழையில்லை.

26 பெப்ரவரி, திங்கள்

பேராசிரியரிடம் காட்டினேன். "நல்லது. ஆனாலும் நிறுத்துகிறோம்."

"பிழை என்றீர்கள். பிழை இல்லை. இனி என்ன காரணம்? எழுதித் தாருங்கள்."

என் ஆங்கிலம் தடுமாறியிருக்கும். தடுமாறட்டும். அவர் எழுதித் தரவில்லை. நானும் நிறுத்தவில்லை.

29 ஏப்ரல்

நாளை கடைசி நாள். நிரலை இணையத்தில் யாரும் எடுக்கக்கூடிய பொதுக் கணினியில் வைத்தேன், முதல் வரியில் என் முழுப்பெயரோடு. வைக்கக்கூடாதென்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

18 செப்டெம்பர், புதன்

மத்தியானம் லெஸ்லி அண்ணை நான் இப்போது வேலை செய்யும் வங்கிக்கே போன் எடுத்தார். "தவம், மூண்டு பல்கலைக்கழகத்தில உன்ர உறையைத்தான் பாவிக்கினமாம். அதுக்குப் பதிலா இஞ்ச புதுசா எழுதினது இன்னும் ஓடேல்லை. புரொபெசர் உன்னைத் திரும்ப எடுக்கவேணும் எண்டு நம்பர் கேக்கிறார். குடுக்கட்டே?"

"குடுங்கோ. ஆறு மணிக்குப் பிறகு அடிக்கச் சொல்லுங்கோ. இப்ப நான் வேலையில நிக்கிறன்."

"புரொபெசருக்கே நேரம் சொல்லுறாய்?"

"ஓம் அண்ணை."

ஆறு பத்துக்கு வீட்டில் போன் அடித்தது. நான்கு தரம் அடிக்க விட்டுத்தான் எடுத்தேன்.