அப்பாவின் பீருக்கு என் மூக்கு

வின்டன்,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே உங்கப்பா, நான், தோட்டத்துக் கோழிகள், என் முழங்கால் வலி எல்லோரும் நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் ஃபின்லேயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அபர்டீனில் இப்போது கோடை என்கிறாய், ஆனால் நீ அனுப்பிய படத்தில் கழுத்து வரை கம்பளிச் சட்டை போட்டிருக்கிறாய், அது என்ன கோடையோ எனக்குப் புரியவில்லை. உலகத்தின் இந்தத் தென்கோடியில் எங்களுக்கு இன்னும் குளிர்காலம், காலையில் புல்லெல்லாம் பனியில் மொறுமொறுவென்று இருக்கிறது, ஆனாலும் எதிர்ப் பண்ணையில் ஆட்டுக்குட்டிகள் பிறக்க ஆரம்பித்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசும்போது உங்கப்பா என் தோளை உரசிக்கொண்டு நிற்கிறார், அவரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே நான் என்னத்தைச் சொல்வது. இன்றைக்கு அவர் பந்தயம் பார்க்க ரக்பி மைதானத்துக்குப் போயிருக்கிறார், அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரலில் அவருக்கு ஜலதோஷம் என்று சொன்னோமே, அது வெறும் ஜலதோஷம் இல்லை, படுக்கையோடு போட்டுவிட்ட காய்ச்சல். அப்போதே சொல்லியிருந்தால் நீ அடுத்த விமானத்தில் ஏறியிருப்பாய். எழுந்து நடமாடத் தொடங்கியதும் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். தட்டில் எதைப் போட்டாலும் உப்பை மட்டும் கூடக்கூடத் தூவிக்கொண்டார், என் சமையலைக் குறை சொல்கிறார் என்று நான் மனதுக்குள் கறுவிக்கொண்டேன். மே மாதம் பக்கத்து வீட்டு விரெமு மாமா வழக்கம்போல உறவினர்களோடு தீவுக்குப் போய் டீட்டி என்கிற கடற்பறவைக் குஞ்சுகளைப் பிடித்து, உப்பிட்டு, நமக்கும் கொண்டுவந்து கொடுத்தார். அது வேகிற வாசனை உனக்குத் தெரியாததா, மீன் எண்ணெயும் பழைய ஆட்டுக்கொழுப்பும் சேர்ந்த மாதிரி, சின்ன வயதில் அது அடுப்பில் ஏறினாலே நீ தெருக்கோடி வரை ஓடுவாய். நானும் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேகவைத்துக்கொண்டிருந்தேன். உங்கப்பா வெளியிலிருந்து வந்தார், நேரே அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கையைத் தேய்த்தார். “இந்தக் குளிர்ல எதுக்கு நோலீன் ஜன்னலைத் தொறந்து போட்டிருக்க? இன்னிக்கு என்ன சமையல்?” என்றார். முதலில் கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கேலி இல்லை. “மெர்வ், உனக்கு நெஜமாவே தெரியலையா?” என்று கேட்டேன். மூடியைத் தூக்கி ஆவிக்குள்ளே முகத்தை விட்டார், நிமிரும்போது மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. “சூடா இருக்கு. அதுக்கு மேல ஒண்ணும் தெரியலை. காய்ச்சல்லேர்ந்தே இப்படித்தான்” என்றார், ஏதோ குடையைத் தொலைத்துவிட்டதைச் சொல்வதுபோல. இன்வர்கார்கில் டாக்டர், மூக்கு திரும்ப வரலாம், வராமலும் போகலாம், தினமும் கிராம்பும் எலுமிச்சையும் முகர்ந்து பழக்குங்கள் என்றார். உங்கப்பா ஒரு வாரம் முகர்ந்தார். அப்புறம் அந்த எலுமிச்சையை நான் மீனுக்குப் பிழிந்துவிட்டேன்.

சாப்பாடு போனது கூட அவருக்குப் பெரிதாக இல்லை கிர்ஸ்டி, பீர் போனதுதான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டின காலத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை என்றால் கராஜில் அவர் பீர் காய்ச்சுவார், அது உனக்குத் தெரியும். முளைகட்டி உலர்த்திய பார்லியை மூட்டையாக வாங்கி, கையால் அரைத்து, சூடு இறங்காமலிருக்க ஐஸ் பெட்டியில் வெந்நீரோடு ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, பெரிய பானையில் கசப்புக்கும் வாசனைக்கும் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்த ஆவியில் வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்க்கும், நான் கத்துவேன். விரெமு மாமாவோ கடையில் விற்கிற டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கிற கெட்டிப் பாகை வாளியில் ஊற்றி, சர்க்கரை சேர்த்து, தண்ணீர் விட்டு, மூடியோடு ஒட்டியிருக்கிற ஈஸ்ட் பொட்டலத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவார். இவர் அதை “டப்பா ஜாம்” என்பார். அவர் இவருடையதை “கோழித் தீவனத் தண்ணி” என்பார். வேலிக்கு மேலே இரண்டு பேரும் இத்தனை வருஷமாகச் சண்டை போட்டதெல்லாம் இதற்குத்தான், வேறு எதற்கும் இல்லை.

மூக்கு போனது தெரிந்ததும் விரெமு மாமா கிண்டலை நிறுத்திவிட்டார், அதுவே உங்கப்பாவுக்கு அவமானமாக இருந்தது. ஒரு நாள் டப்பாக்களோடு வந்து, “யோவ் மெர்வ், நாள் பூரா நின்னு ஏன் கஷ்டப்படற? இதைப் போடு, நியூஸ் முடியறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்” என்றார். நான் உங்கப்பா கோபப்படுவார் என்று பார்த்தால், மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். அப்படியே போட்டார். அது தயாரானதும் தன் பழைய பீர் ஒன்றையும் அதையும் இரண்டு கிளாஸில் ஊற்றி, மாற்றி மாற்றிக் குடித்தார். “ரெண்டுலயும் கசப்பு இருக்கு, நுரை இருக்கு. அவ்வளவுதான். இதுக்கா நான் ஞாயித்துக்கிழமை பூரா நின்னேன்?” என்றார். அடுத்த வாரமே பெரிய பானை, அரைக்கிற மெஷின், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் சும்மா கொடுக்கிறேன் என்று தீவனக் கடைப் பலகையில் எழுதி ஒட்டிவிட்டு வந்தார். இன்வர்கார்கிலிலிருந்து ஒரு இளம் தம்பதி சனிக்கிழமை மத்தியானம் வந்து எடுத்துப்போவதாகச் சொன்னார்கள். நீ சந்தோஷப்பட வேண்டியதுதானே அம்மா, இனி கண்ணாடி வியர்க்காதே என்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் டிவி முன்னால் உட்கார்ந்து, போட்டிருக்கிற சேனலைக்கூடப் பார்க்காமல் இருப்பதைப் பார்க்கப் பார்க்க, கண்ணாடி வியர்த்தாலே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை, கொடுக்கப்போகிற சாமானைத் துடைத்து வைக்கலாம் என்று கராஜுக்குப் போனேன். பார்லி மூட்டை பாதி மீதம் இருந்தது, ஏன் என்று தெரியாது, ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டு மென்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட நான் அதைத் தொட்டதில்லை. உள்ளே வந்து, “மெர்வ், அந்தப் பார்லி பிஸ்கட் மாதிரி இருக்கு” என்றேன். அவர் திரும்பினார். “என்ன பிஸ்கட்?” “பிஸ்கட்தான்.” “இஞ்சி பிஸ்கட்டா, பால் பிஸ்கட்டா? புதுசா, டப்பாவுல கெடந்து நமுத்ததா?” நான் யோசித்து, “பால் பிஸ்கட். ஓரம் மட்டும் கொஞ்சம் கருகினது” என்றேன். அவர் டிவியை அணைத்தார். “ஓரம் கருகினதுன்னா அது அந்தக் கறுக்க வறுத்த பார்லி கலந்த மூட்டை. இன்னும் கெடலை” என்றார். அந்தக் குரலை நான் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. நாளைக்கு எடுத்துப்போவதற்கு முன்னால் ஒரு தடவை போடு, வாசனையை நான் பார்த்துச் சொல்கிறேன் என்று என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே தொடங்கிவிட்டோம். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன், அவர் கிண்டக் கிண்டக் கேள்வி. “இப்ப என்ன வாசனை?” “ஓட்ஸ் கஞ்சி.” “இனிப்புப் போட்டதா?” “தேன் விட்டது.” கொதிக்கிறபோது, “லேசா அடி பிடிச்ச வாசனை வருது” என்றேன், பாய்ந்து தீயைக் குறைத்தார். ஹாப்ஸ் போட்டதும்தான் எனக்குச் சங்கடம். “சொல்லு நோலீன்” என்கிறார், நான் வாசலில் மேய்கிற கோழிகளைப் பார்க்கிறேன். “பரவால்ல சொல்லு” என்கிறார். “பூனை மூத்திரம் மெர்வ், மன்னிச்சுக்கோ” என்றேன். அவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின. “அதேதான்! அந்த ஹாப்ஸுக்கு அதான் குணம், ஆறினதும் நெல்லிக்காய் மாதிரி ஆயிடும் பாரு” என்றார். கடைசியில் அப்படித்தான் ஆனது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் அவ்வளவு பேசினது எப்போது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

நடுவில் அந்தத் தம்பதி வண்டியோடு வந்து நின்றார்கள், பானையோ தளதளவென்று கொதிக்கிறது. உங்கப்பா கையில் கரண்டியோடு அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காது வரை சிவந்துபோனார். “வாங்க… இது… இப்ப உபயோகத்துல இருக்கு” என்றார். அந்தப் பெண் நல்ல பெண், “இருக்கட்டும் சார், முடியற வரைக்கும் காத்திருக்கோம்” என்றாள். அதற்கு இவர், “இல்லம்மா, இது இனி முடியப்போறதில்லை” என்று மெதுவாகச் சொன்னார். ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு தூரம் வந்தவர்களை எப்படி அனுப்புவது என்று உள்ளே கூப்பிட்டு, சீஸ் ரோல் சுட்டு வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். அந்தப் பையன், பார்லியில் தொடங்குவது நல்லதா டப்பாவில் தொடங்குவது நல்லதா என்று கேட்டான். உங்கப்பா என்ன சொல்லியிருப்பார் சொல். விரெமு மாமா கொடுத்ததில் மீதி இருந்த டப்பாக்களையும், பழைய வாளி ஒன்றையும் எடுத்துவந்து அவர்கள் வண்டியில் வைத்தார். “மொதல்ல இதைப் போடு. கழுவறதுதான் பீர் வேலையில பாதி, அதை இதுல கத்துக்கோ. முதல் தடவையே குடிக்கிற மாதிரி வரும். ஒரு நாள் பூரா ஒருத்தரோட ஒருத்தர் நிக்க ஆசை வந்தா அப்ப பார்லிக்கு வா” என்றார். வேலிக்கு அந்தப்பக்கம் விரெமு மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “டப்பா ஜாமை தானமா குடுக்கறியா? ஊர் முழுக்கச் சொல்றேன் இரு!” என்று கத்தினார், பழையபடி.

ஜூலையில் அந்தப் பாட்டில்களைத் திறந்தோம். விரெமு மாமாவையும் கூப்பிட்டு, அவருடைய டப்பா பீரையும் எங்களுடையதையும் பக்கத்தில் வைத்தோம். அவர் இரண்டையும் குடித்து, உதட்டைத் துடைத்து, “உங்களோடது கெட்டியா இருக்கு, வாசம் தூக்குது, எல்லாம் சரி. ஆனா எனக்கு என்னோடதுதான் பிடிக்குது, வேலை முடிஞ்சு வந்து யோசிக்காம குடிக்கலாம்” என்றார். உங்கப்பா சண்டைக்குப் போகவில்லை, “உன் நாக்குக்கு அது போதும்யா” என்று மட்டும் சொல்லி அவர் கிளாஸை நிரப்பினார். எனக்கு இப்போதும் பீர் பெரிதாகப் பிடிக்காது, ஆனால் அரை கிளாஸ் குடித்தேன், ஏனென்றால் அதில் எந்த வாசனை எங்கே வந்தது என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் நல்லபடியாகவே போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்துப் போட்டதை இந்த மாதம் பாட்டிலில் அடைக்க எடுத்தோம். உங்கப்பா ஒரு வாய் குடித்துப் பார்த்து, “கசப்பு சரி, இனிப்பு அடங்கியிருக்கு, அருமையா வந்திருக்கு” என்று சந்தோஷமாக என்னிடம் நீட்டினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. காயத்துக்கு ஒட்டுவோமே பிளாஸ்டர், புதிதாகப் பிரித்தால் ஒரு வாசனை வருமே, அதே. கிர்ஸ்டி, எனக்கு அதைச் சொல்ல மனமே வரவில்லை. நாக்குக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, அவருக்குத் தெரியப்போவதும் இல்லை, விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் நான் பொய் சொல்லத் தொடங்கினால் அவருக்கு அப்புறம் யார் இருக்கிறார்கள். “பிளாஸ்டர் வாசனை வருது மெர்வ்” என்றேன். அவர் பீப்பாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். “நிச்சயமா?” “நிச்சயமா.” இன்னொரு வாய் குடித்துப் பார்க்கவில்லை, விரெமுவைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் என்னைப் பிடிக்கச் சொன்னார், அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அவ்வளவையும் சாக்கடையில் கவிழ்த்தோம். பீர் விஷயத்தில் தன் நாக்கை விட என் பேச்சை அவர் நம்பியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல். கழுவினதில் எங்கேயோ கோளாறு என்று பீரை வடிக்கிற பழைய ரப்பர் குழாயைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கி வந்திருக்கிறார்.

மூக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ இதைப் படித்துவிட்டுக் கவலைப்பட்டுக்கொண்டு உட்காராதே, அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், உப்பையும் குறைத்துக்கொண்டார், தட்டில் போட்டதற்கெல்லாம் என்ன வாசனை என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுக்கிறார். ஃபின்லேயிடம் நான் விசாரித்ததாகச் சொல். வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பாதத்தை ஈரமாக வைத்துக்கொள்ளாதே. கிறிஸ்துமஸுக்கு வருவதானால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. கடவுள் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், உங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவு வராமல் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிறு போன் பண்ணும்போது உங்கப்பா, அங்கே கடற்கரையில் என்ன வாசனை அடிக்கிறது என்று உன்னைக் கேட்பார். “நல்லாருக்குப்பா” என்று சொல்லி முடித்துவிடாதே. போனோடு வெளியே போய் நின்று, நன்றாக மூச்சை இழுத்து, என்னென்ன வருகிறதோ ஒவ்வொன்றாகச் சொல். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா நோலீன்