இடக்கையால் கொடுத்த கஷாயம்

என் செல்ல அம்மாவுக்கு,

செல்லம் என்று எழுதிவிட்டேன். ஆனாலும் உன் மேல் எனக்குக் கோபம்தான்.

அத்தை பக்கத்து அறையில் தூங்குகிறாள். சிமினி விளக்கைச் சின்னதாக வைத்திருக்கிறேன். யுத்த காலம், சீமெண்ணெய் கிடைப்பதில்லை; வெளிச்சத்தைக் கண்டால் எழுந்து வந்து திட்டுவாள். திட்டட்டும். எந்தக் கையால் எழுதுகிறேன் என்று பார்த்துவிடுவாளோ என்றுதான் பயம். இடக்கையால்தான் அம்மா. நீ கட்டிப்போட்ட அதே கையால்.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போதெல்லாம் பழைய சேலைக் கரையைக் கிழித்து இந்தக் கையை என் இடுப்போடு சேர்த்துக் கட்டுவாய். "இந்தக் கை சாமிக்கு ஆவாது கண்ணு. நாளைக்கு மாமியா வூட்ல சோறு போடையில உன்னையா பேசுவாங்க, என்னையத்தானே பேசுவாங்க?" என்பாய். பையன்கள் "கட்டிப்போட்ட கோழி வருதுடா" என்று சிரித்தார்கள். அழுதுகொண்டு வந்து சொன்னேன். மேலே ஒரு துண்டைப் போட்டு மறைத்தாயே தவிர, அவிழ்த்தாயா?

வலக்கை எனக்கு வளையவே இல்லை. எல்லாரும் எழுதி முடித்து எழுந்துபோகும்போது நான் இரண்டாவது கேள்வியில் நிற்பேன். வாத்தியார் மக்கு என்றார். நீயும் மறுக்கவில்லை. பதிலெல்லாம் மனசில் இருந்தும், ஒன்றும் தெரியாதவள் என்றே நானும் என்னை நினைத்துக்கொண்டேன்.

அதுகூடப் போகட்டும். உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று, ஊர்ப் பெண்கள் எல்லார் முன்னாலும் அத்தை சொன்னாள்: "பீச்சாங்கையால குடுத்த கசாயம் ஒடம்புல எப்புடி ஒட்டும்? ஆத்தாளை அனுப்பிட்டு நிக்கிறா பாரு."

நீதான் பார்த்தாயே அம்மா. காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தாய். வலக்கையால் உன் பிடரியைத் தாங்கினேன். கிண்ணத்தைப் பிடிக்க மிச்சமிருந்தது இந்தக் கைதான். நீ கையைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லாமல் குடித்தாய். அன்றைக்கு மட்டும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

அப்புறம் இந்தக் கையால் எதைத் தொடவும் பயந்தேன். பூப் பறிக்கக்கூடப் பயம்.

கார்த்திகையில் ஒருநாள் தம்பிக்குத் தலை வாரிவிடும்போது சட்டென்று உறைத்தது. அவனுக்கும் அதே காய்ச்சல்தானே வந்தது? அவனையும் அப்படியே தாங்கி, அதே கிண்ணத்தில், அதே கையால்தானே கொடுத்தேன்? முந்திரி மரத்தில் ஏறி விழுந்து அடிவாங்குகிறான் இன்றைக்கு. அவனைப் பிழைக்க வைத்தவள் என்று என்னை யாராவது சொன்னார்களா?

அத்தையிடம் கேட்டே விட்டேன். "அப்ப தம்பி எப்புடி அத்தை பொழைச்சான்?"

"வாய் நீளுது ஒனக்கு" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அன்று ராத்திரிதான் இந்தக் கையில் பேனாவைப் பிடித்தேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. கை ஓரமெல்லாம் மை. விடிவதற்குள் புளியைப் போட்டுத் தேய்த்தேன். இப்போது தாளைச் சாய்த்து வைக்கப் பழகிவிட்டேன். நினைப்பு போகிற வேகத்துக்குக் கையும் போகிறது. இந்த வேகம் எனக்குள்ளேயே இருந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாளைக்கு அரியலூரில் எட்டாம் வகுப்புச் சர்க்கார் பரீட்சை. "இதுல தேறலைன்னா படிப்பு போதும். வைகாசியில மாமனுக்கே கட்டி வெச்சிடலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அங்கே நிற்கப்போகிற வாத்தியார் யாரோ, கையில் பிரம்பு இருக்குமோ தெரியவில்லை. வலக்கையால் எழுதினால் அடி விழாது. ஆனால் பாதித்தாள் வெள்ளையாகவே நிற்கும்.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்குத் தாளின் தலையில் பிள்ளையார் சுழியையே இடக்கையால்தான் போடுவேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். அடித்து முடித்ததும் அடுத்த வரியை அதே கையால் எழுதுவேன்.

கோபம் இன்னும் ஆறாத
உன் மூத்த மகள்,
செல்லம்மா