பீரோவில் வைத்த வாசனை

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையிலிருந்து மூட்டம். நேற்று உருட்டிய மணிகள் இன்னும் காயவில்லை. விரலால் தொட்டால் ரேகை பதிகிறது. கைரேகையோடு கண்காட்சிக்கு வைத்தால் அதற்கும் ஒரு தத்துவம் சொல்லிவிடலாம்.

கண்காட்சி பதினாறாம் தேதி. கோவிலம்பாக்கத்தில் பழைய சிமெண்ட் குடோன் ஒன்றுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள், ஆகவே அது கலைக்கூடம். நடத்துகிற பெண் நிகிலா. அழைப்பிதழில் என்னை ‘நறுமண நினைவுச் சிற்பி’ என்று போட்டிருக்கிறாள். கல்லூரி நூலகத்தில் பிறர் எழுதியதை அடுக்கி அடுக்கி ஓய்வு பெற்றவள் நான். முதல் முறையாக என் கையால் செய்தது ஓர் இடத்தில் வைக்கப்படப் போகிறது. சந்தோஷம்தான். இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நிகிலா கேட்ட விளக்கக் குறிப்புக்கு எழுதிப் பார்த்தது: ‘சுட்ட மண்ணுக்கு வர்ணம் பூசாமல் விட்டால் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நெடுநாள் தங்கும். அணிந்தால் உடம்புச் சூட்டில் மெல்லக் கசியும். ஐந்து நகைகள், ஐந்து நினைவுகள்.’

1. தோடு – அப்பாவின் பல்வலி. கிராம்பு.
2. வளையல் – நூலகம். வெட்டிவேர், கொஞ்சம் வெனிலா. (பைண்டிங் பசையின் நாற்றத்தை விட்டாயிற்று. நினைவுக்கும் எடிட்டிங் உண்டு.)
3. மோதிரம் – தாம்பரம் ஸ்டேஷன், கொய்யாக் கூடை. சரியாக வரவில்லை.
4. நெற்றிச்சுட்டி – மொட்டை மாடியில் முதல் மழை.
5. ஆரம் – அஸ்தினாபுரம் வீடு. காப்பி.

ஐந்தாவதில்தான் உயிர். கல்யாணமான புதிதில் காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடைக்கு மேலே குடியிருந்தோம். துணி, தலையணை, தலைமுடி எல்லாம் காப்பி. இருவரும் டீ குடிப்பவர்கள். மற்ற நான்கும் தப்பாக இருந்தால் கண்டுபிடிக்க ஆளில்லை. இதற்கு மட்டும் ஒரு சாட்சி உண்டு. என் கணவர் ரா., அடுத்த அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் ‘இதேதான்’ என்று சொன்னால்தான் வைப்பேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெயில். நிம்மதி. பல்லாவரம் அத்தர் கடை.

“மழை வாசனை வேணும் பாய்.”

“மண்ணு அத்தர்னு கேளுங்கக்கா. இருக்கு. எதுல ஊத்தப் போறீங்க?”

“மண்ணுல.”

பாய் பாட்டிலைக் கீழே வைத்தார். “மண்ணுல மண்ணு வாசனைய ஊத்துறீங்க. நான் இருபது வருசமா தப்பான பிசினஸ்ல இருக்கேன்.”

வீட்டுக்கு வந்து ரா.விடம் நீட்டினேன். “ம். பிரமாதம்.” கிராம்பு எண்ணெய்க்கும் பிரமாதம். கொய்யாவுக்கும் பிரமாதம், அது எனக்கே பிடிக்கவில்லை. குறை சொல்லாத கணவர் கிடைப்பது பாக்கியம். பரிசோதனைக்கூடத்துக்கு மட்டும் உதவ மாட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை இல்லை, கரண்ட் இல்லை. காலையில் மொட்டை மாடியில் நகைகளைச் சுட்டாயிற்று. காப்பி எண்ணெய் தயார். தேங்காய் எண்ணெயில் மூன்று விதமாக ஊற வைத்தது: இளவறுப்பு, கருவறுப்பு, சிக்கரி கலந்தது. மூன்று கிண்ணம். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கொண்டுபோகிற மாதிரி தட்டில் ஏந்திக்கொண்டு போனேன்.

ரா. முதல் கிண்ணத்தையும் இரண்டாம் கிண்ணத்தையும் முகர்ந்து வைத்தார். மூன்றாவதில் நிறுத்தினார்.

“இதேதான். அப்படியே அஸ்தினாபுரம்.”

நான் நினைத்ததும் மூன்றாவதுதான். ஒரு வார்த்தை சொல்லித்தராமல் கண்டுபிடித்துவிட்டார். சாயங்காலம் முழுக்கக் காரணமில்லாமல் நல்ல மனநிலை. அவருக்கு வெங்காய பஜ்ஜி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாடி வீட்டுக் கமலா வீட்டில் வரலட்சுமி நோன்பு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்த் தாம்பூலம் வாங்கினேன்.

“அக்கா, செவ்வாய்க்கிழமை மாடியில ஒரே புகை. யாராவது போயிட்டாங்களோன்னு பயந்துட்டேன்.”

“நகை சுட்டேன் கமலா.”

“நகைய எதுக்குக்கா சுடுறீங்க?” அம்மனே என்னைப் பார்ப்பது போலிருந்தது.

புடவையை மடித்து பீரோவில் வைத்தேன். ரா. புதிதாக அந்துருண்டை வாங்கி வந்து மூலைக்கு மூலை போட்டார். பீரோ அவருடைய இலாகா. நாளை செங்கல்பட்டில் சொந்தக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். அங்கேயே தங்கல்.

ஐந்து நகையும் முடிந்து, மேசை மேல் தட்டில், துணி மூடி. அழகாகத்தான் இருக்கின்றன.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கல்யாணம் நன்றாக நடந்தது. சாம்பாரில் உப்பு. திரும்பி வந்து மேசையைப் பார்த்தால் தட்டைக் காணோம்.

“பீரோவுல வெச்சேன். வீட்டைப் பூட்டிட்டுப் போறோம், நகைய வெளியிலயா வெப்பாங்க?”

“அது மண்ணுங்க.”

“மண்ணுனாலும் நகைதானே.”

பீரோவைத் திறந்தேன். பட்டுப்புடவைகளுக்கு நடுவில், புது அந்துருண்டைகள் சூழ, தட்டு. சுட்ட மண் உறிஞ்சும் என்று நான்தானே குறிப்பில் எழுதினேன்? உறிஞ்சியிருந்தது. கிராம்பு இல்லை, வெட்டிவேர் இல்லை, மழை இல்லை. ஐந்து நினைவுகளும் சேர்ந்து ஒரே நினைவாகிவிட்டன: யாரோ ஒருத்தியின் முகூர்த்தப் புடவை.

ஆரத்தை எடுத்து அவர் மூக்கருகே பிடித்தேன். “என்ன வாசனை வருது, சொல்லுங்க.” திட்டுவதற்கு முன்னுரையாகத்தான் கேட்டேன்.

ஆரத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“காப்பி,” என்றார். “பிரமாதம்.”

பீரோ திறந்தே கிடந்தது. நெடியில் எனக்குக் கண் எரிந்தது.

அப்புறம் நான் கேட்டதும் அவர் சொன்னதும்:

“உங்களுக்கு வாசனை தெரியலையா?”

“அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் வரவே இல்ல.”

ஊரடங்கு காலத்துக் காய்ச்சல். எனக்கும்தான் வந்தது. எனக்கு மூக்கு திரும்பியது. ‘எனக்கும் வந்துடுச்சு’ என்று அவரும் அப்போது சொன்னார். தனியாகப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார். வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லவும் ஒரு படிப்பு.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ அதுக்கு ஒரு ஜோக் சொல்லுவ.”

உண்மை. அந்த நிமிடமே வாயில் இரண்டு தயாராக இருந்தன. இரண்டும் நல்லவை. விழுங்கினேன்.

“அப்புறம் நீ இத ஆரம்பிச்ச. காலையில எழுந்தா கிண்ணத்தோட வந்து நிக்குற. அப்ப போய் எப்படிச் சொல்றது?”

ஆகஸ்ட் 11, திங்கள்

புழுக்கம். எதுவும் செய்யவில்லை.

இப்போது புரிகிறவை. பால் தீய்ந்த அன்று பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தது. மாம்பழத்தை முகராமல் வாங்கி வருவது. ஒரு காலத்தில் ரசத்துக்குப் பெருங்காயம் பற்றாது என்று வாசலிலிருந்தே சொல்வார். இப்போது எதைப் போட்டாலும் நன்றாக இருக்கிறது. வயதாக ஆக ஆள் பக்குவப்படுகிறார் என்று என் தங்கையிடம் பெருமையடித்தேன்.

கோபம் இருக்கிறது. அது அந்துருண்டைக்கு இல்லை. இத்தனை வருடம் என் பக்கத்தில் ஓர் ஆள் தனியாக இருந்திருக்கிறார், என் நாக்குக்குப் பயந்து.

மதியம் கேட்டேன்: “மூணாவது கிண்ணத்த எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அதக் கொடுக்கும்போது நீ மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்ன.”

எழுந்து துணி மடிக்கப் போனேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். நிகிலா நகைகளைப் பார்க்க வந்தாள். எடுத்ததுமே தும்மினாள். தட்டு தவறுதலாக பீரோவுக்குப் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன்.

ரா. டீயோடு வந்தார். “நான்தாம்மா வெச்சேன். எனக்கு மூக்கு வேலை செய்யாது.”

என்னிடம் சொல்ல இத்தனை வருடம். நிகிலாவிடம் டீக்கு முன்னாலேயே.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். “சார்! மேடம்! இதான் ஷோவே! அப்படியே வைக்கலாம். எவ்ளோ லேயர்ஸ் இருக்கு. வாசனையே தெரியாத ஹஸ்பண்ட், அவருக்காக வொய்ஃப் பண்ற வாசனை நகை. வால்ல சாரோட ஸ்டோரி. சார் ஒரு போட்டோ மட்டும்...”

“இல்லம்மா,” என்றேன்.

“சார் ஓகே சொன்னா?”

ரா. என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிடக்கூடிய ஆள். இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் பிரமாதம் சொன்னவர்.

“அவர் ஓகே சொன்னாலும் இல்ல. அவர் மூக்கு கண்காட்சிக்கு இல்ல. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் கொண்டு வரேன். முடியலன்னா அந்த மேசை காலியா இருக்கட்டும்.”

‘காலி மேசைகூட ஸ்ட்ராங்கா இருக்கும் மேடம்’ என்று படிக்கட்டில் இறங்கிக்கொண்டே சொன்னாள். இந்தக் குழந்தைகளைத் தோற்கடிக்க முடியாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்று மீண்டும் சூளை. மொட்டை மாடி, உடைந்த பூந்தொட்டி, உமி, கரி. அந்துருண்டை நெருப்பில் போய்விட்டது. மணிகள் ஒரு பக்கம் கறுத்துவிட்டன. இருக்கட்டும். கமலா ஜன்னலை மூடுகிற சத்தம் கேட்டது.

இன்று வாசனை ஏற்றல். நான்கு முடிந்தது. கொய்யா இந்த முறை ஏனோ வந்துவிட்டது. ஐந்தாவதை எடுத்துக்கொண்டு ரா.விடம் போனேன். கிண்ணம் இல்லாமல்.

“முகர வேணாம். அந்த வீடு எப்படி இருந்துச்சு, சொல்லுங்க.”

யோசிக்கவே இல்லை. “காப்பி வாசனை படிக்கட்டு வரைக்கும்தான். ரூமுக்குள்ள வந்தா மண்ணெண்ணெய். நீ ஸ்டவ்வ பம்ப் பண்ணிட்டு அந்தக் கையோடயே தலை வாரிக்குவ. ஆபீஸ்ல எல்லாரும் எங்கிட்ட காப்பி மணக்குதும்பாங்க. எனக்கு உங்கிட்ட வந்ததெல்லாம் மண்ணெண்ணெய்தான்.”

மறந்தே போயிருந்தேன். அந்த நீல ஸ்டவ். நான் காப்பி வாசனையாக இருந்ததாக இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? ஆரத்துக்குக் காப்பி மட்டும். பாதி உண்மை. கண்காட்சிக்கு அது போதும்.

ஆகஸ்ட் 16, சனி

வெயில். ஆட்டோவில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இன்னாக்கா அது, கொயந்தையாட்டம் மடில வெச்சுகினு வர்றீங்க?”

“நகை.”

“அத்தினி நகையா? இன்னாத்துக்கு ஆட்டோல வர்றீங்க, பேஜாரு!” அப்புறம் மேடு பள்ளத்தில் நிஜமாகவே மெதுவாக ஓட்டினார்.

குடோனில் காதில் விழுந்தவை:

“டச் பண்ணலாமா?” “முகரலாம்னு போட்டிருக்கு.” “முகர்ந்தா டச் ஆகுமே.”

“இந்தத் தோடு பல் டாக்டர் ரூம் மாதிரி இருக்கு.” (அப்பாவுக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.)

“மயில் கழுத்துக் கலர் பார்டருக்கு மேட்சா ஒண்ணு பண்ணித் தருவீங்களா?”

நான் முதல் நான்கு நகைகளோடு. ரா. தானாகவே ஆரத்தின் பக்கம் போய் நின்றுகொண்டார். யாராவது வந்தால் படிக்கட்டிலிருந்து ஆரம்பித்தார். சாக்கு மூட்டை, அரைக்கும் சத்தம், மாடி, ஸ்டவ், நான் தலை வாரியது. அதை மட்டும் விட்டிருக்கலாம். தன் மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஓர் அம்மாள் ஆரத்தை நெடுநேரம் முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஆமா சார். உள்ள லேசா மண்ணெண்ணெய் வருது. அப்படியே எங்க பழைய வீடு.”

அதில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் கிடையாது. நிகிலா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ரா. மட்டும் பெருமையாகத் தலையாட்டினார், தானே ஊற்றியது போல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரவு நல்ல மழை. காலையில் விட்டிருந்தது. கால் வலி. தொண்டை கட்டியிருக்கிறது, எல்லாம் பேச்சு.

ரா. நடக்கக் கூப்பிட்டார். செம்பாக்கம் ஏரிப் பக்கம் போனோம். பால்காரர், இரண்டு நாய், ஓட்டப் பயிற்சி செய்வதாக நடிக்கும் ஒருவர். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு, முன்பின் இல்லாமல் கேட்டார்:

“இப்ப என்ன வாசனை வருது?”

இதுவரை அவர் என்னிடம் கேட்டதில்லை. நின்று, மூச்சை இழுத்துப் பார்த்தேன். மழைக்கு ஏரி நிரம்பி, சாக்கடைக் கால்வாயும் அதோடு கலந்து, ஊரின் சகலமும் அதில் வந்து சேர்ந்திருந்தது. அழகாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். ஈர மண், ஆகாயத்தாமரை, அந்த மாதிரி.

“ஏரி,” என்றேன். “நீங்க குடுத்து வெச்சவர்.”

நின்று என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. நாய்கள் திரும்பிப் பார்த்தன.

“இன்னும் சொல்லு,” என்றார்.