தூரே என்கிற துரை

2011 ஜூன் 6

இல்லை, பனி கிடையாது. அதைத்தான் நானும் சொன்னேன். பனியில் சறுக்கிக்கொண்டே போய், நடுநடுவே படுத்துத் துப்பாக்கி சுடும் விளையாட்டு. அதில் பேர்போன நார்வேக்காரர் பயிற்சி கொடுக்க வருவது நாகர்கோவில் பெண்கள் அணிக்கு. விளையாட்டுச் சங்கச் செயலாளர் ஞானையன் கலங்கவில்லை. "பனி இல்லேன்னா ஓடிட்டுச் சுடட்டும். மண்ணுக்கு என்ன கொறச்சல்?"

என் எம்.ஏ. ஆங்கிலத்துக்குக் கிடைத்த முதல் வேலை: நார்வேக்காரரின் மொழிபெயர்ப்பாளர். ஆகஸ்டில் மாநிலப் போட்டி. முதல் மூன்று இடத்தில் ஒருத்தியாவது வராவிட்டால் அணி கிடையாது. நானும் கிடையாது.

ஜூன் 9

அவர் பெயர் தூரே. எல்லோரும் "துரை" என்கிறார்கள்.

"வந்த அன்றே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எங்கள் நாட்டைப் போலவே, பெரியவர் சிறியவர் இல்லை" என்று நெகிழ்ந்தார். டீக்கடைக்காரர் சுயம்பு அப்போதுதான் தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "துரை" என்றிருந்தார்.

நான் திருத்தவில்லை. இரண்டு பக்கமும் சந்தோஷமாக இருக்கையில் மொழிபெயர்ப்பாளருக்கு என்ன வேலை?

ஜூன் 20

பனிக்குப் பதில் தூரேயின் காலில் சக்கரக் கட்டைகள், இரண்டு கையிலும் கோல். வடசேரி வரை அப்படியே போனார். நான் ஸ்கூட்டியில் பின்னால். பஸ் ஒன்று நின்றது. கண்டக்டர் இறங்கி வந்தார். "துரைக்கு ரெண்டு காலும் வய்யாதோ? ஏறச் சொல்லு மக்கா, முன்சீட்டு காலியாக் கெடக்கு."

கண்டக்டருக்குக்கூடத் தன் பெயர் தெரிகிறதே என்று தூரே மலைத்துப்போனார். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"விளையாட்டு வீரர்களுக்கு இங்கே மரியாதை" என்றேன்.

ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஜூலை 4

அபினா. குளச்சல் பக்கம், கடற்கரைப் பெண். ஓட்டத்தில் அவளைத் தொட ஆளில்லை. சுட்டால் ஐந்தில் நாலு தவறும். தவறும் ஒவ்வொன்றுக்கும் மைதானத்தைக் கூடுதலாக ஒரு சுற்று ஓட வேண்டும். ஓடுகிறாள்.

ஞானையன்: "ஏட்டி, இந்த ஓட்டத்த நேரா வேளாங்கண்ணிக்கு ஓடியிருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருப்பியே."

ஜூலை 11

மூச்சைப் பிடி. மூச்சைப் பிடி. அபினாவிடம் இன்று மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பேன். பிடித்தாள். கண் பிதுங்கியது. குண்டு தென்னை மரத்தில்.

ஜூலை 19

தூரே பொறுமையிழந்து தானே படுத்துச் சுட்டுக் காட்டினார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தது, தாழ்ந்தது, நின்றது. நின்ற இடத்தில் சுட்டார்.

அவர் முதல் நாள் சொன்னது: மூச்சை வெளியே விடு, அடுத்தது வருமுன் ஓர் ஓய்வு இருக்கும், அங்கே சுடு. நான் சொன்னது: மூச்சைப் பிடி.

நீளமாக இருக்கிறதே என்று சுருக்கினேன். எம்.ஏ. புத்தி.

ஆறு வாரம்.

ஜூலை 20

சொல்வதா? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டாலும் ஆகஸ்டில் போகும் — கூடவே அபினாவும்.

ஜூலை 22

முதலில் அபினாவிடம். விடு, ஆனால் அடுத்ததை இழுக்காதே, நடுவில் ஒரு... வார்த்தை வரவில்லை.

"அக்கா, பெரிய அலை மூணு அடிச்சு முடிஞ்சா கடலு ஒருக்கா சும்மா கெடக்கும். அப்பதான் வள்ளத்தத் தள்ளுவாவ. அதத்தானே சொல்லுதிய?"

அதைத்தான்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்கு வேளாங்கண்ணிக்கு ஓடுதேன்?"

ஐந்தில் நாலு விழுந்தது.

பிறகு தூரேயிடம். மூச்சு, பஸ், துரை. எல்லாம்.

"டீக்கடையில் அந்தத் துண்டு?" என்று கேட்டார்.

"அதுவும்தான்."

அப்புறம் அவர் கதையைச் சொன்னார். கடைசிப் பந்தயம். பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில். ஐந்து குண்டு, ஐந்தும் விழுந்தன, அடுத்தவன் இலக்குப் பலகையில். அதன்பின்தான் பயிற்சியாளர் ஆக்கினார்களாம்: தப்பு எங்கே இருந்தாலும் இவனுக்குத் தெரியும் என்று.

"உன்னுடையது ஆறு வாரம் தெரியவில்லை" என்றார். கோபமா, பாராட்டா? மொழிபெயர்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 13

மாநிலப் போட்டி. கடைசிச் சுடுதல். பக்கத்தில் இருப்பவள் மூன்று சுட்டுவிட்டாள். அபினா படுத்தே கிடக்கிறாள். அலை எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஞானையனுக்குத் தெரியாது. "ஏட்டி, ஒறங்கிட்டியா?"

ஐந்தும் விழுந்தன. தூரே முதலில் பலகை எண்ணைப் பார்த்தார். அவளுடையதுதான்.

மூன்றாம் இடம்.

ஆகஸ்ட் 21

தூரே கிளம்பினார். போகுமுன் டீக்கடைக்குப் போனோம். அவர் தோளில் புதுத் துண்டு. சுயம்பு "துரை" என்றதும் தூரே தன் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சுயம்பு" என்றார். சுயம்பு ஊற்றிக்கொண்டிருந்த டீ கிளாஸை மீறி வழிந்தது.

இனி அணிக்குப் பயிற்சியாளர் யார் என்று ஞானையன் கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் தூரே என்னைக் காட்டித் தமிழிலேயே சொல்லிவிட்டார்: "இவ போதும்."

செப்டம்பர் 1

அபினா என்னைத் "துரைசானி" என்கிறாள். உடனே திருத்தினேன்.

வடசேரியில் இறங்கி ஒரு விசில் வாங்கினேன்.