இரட்டைப் பூட்டுக்குள் ஒரு நெட் பெட்டி

மெட்டுகுடா,
செகந்திராபாத்.
அக்டோபர் 14

அன்புள்ள ரோகிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், அங்கே வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளை உமேஷும், இன்னும் பெயர் வைக்கப்படாத மூன்றாவது ஆளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதியதில் ஒரு சிறிய திருத்தம் உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆனால் முதலிலிருந்து வரிசையாகத்தான் சொல்லுவேன், முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்தவனுக்கு நடுவிலிருந்து ஆரம்பிக்கத் தெரியாது.

ஆகஸ்டில் நீ பிரசவத்துக்கு அம்மாவை வரச் சொல்லிக் கூப்பிட்டாய். அவள் குளிர் ஒத்துக்கொள்ளாது என்றாள். பிப்ரவரியில் அங்கே வெயில் காலம்மா என்று நீ சொன்னாய். அதற்கு அவள், ஒண்ணும் கேட்கலைடி, நெட் விட்டு விட்டு வருது என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடவில்லை. மூன்றாவது ஞாயிறு என்னோடு மட்டும் பேசினாய். நெட்டையாவது சரி பண்ணுங்கப்பா, அம்மாவுக்கு வர இஷ்டமில்லைன்னா அதையாவது முழுசா ஒரு தடவை கேட்டுக்கறேன் என்றாய். அன்றே வேலையை ஆரம்பித்தேன்.

உனக்குத்தான் தெரியுமே, எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் முதலில் நோட்டுப் போடுவேன். இந்த நெட்டுக்கும் பதினான்கு மாதமாகக் கோளாறு நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். தேதி, நின்ற நேரம், வந்த நேரம், காரணம், கையெழுத்து என்று ஐந்து கட்டம். நானும் உன் அம்மாவும் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு செல்லும். காரணம் என்ற கட்டம் மட்டும் பெரும்பாலும் காலியாகவே இருந்தது, ஏனென்றால் கம்பெனிக்காரர்கள் காரணம் சொல்வதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பொறுமைசாலிகள். நான் புகாரைச் சொல்லி முடிக்கும் முன்பே உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வந்துவிடும். ரயில்வேயில் இவ்வளவு சுறுசுறுப்பை நான் பார்த்ததில்லை. அவர்கள் சொன்னபடி பெட்டியை அணைத்து ஏற்றினேன், போனை அணைத்து ஏற்றினேன், ஒரு பெண் சொன்னாள் என்று வீட்டு மெயின் ஸ்விட்சையே அணைத்து ஏற்றினேன், ஃபிரிட்ஜில் இருந்த தோசை மாவு மட்டும் புளித்தது. மாடியில் குடியிருக்கும் பூர்ணாவுக்கும் அதே கம்பெனி, அதே கம்பத்திலிருந்து வரும் அதே லைன், அவளுக்கு மட்டும் ஓட்டமாக ஓடுகிறது. இளவயது வாடிக்கையாளர்களிடம் கம்பெனிக்குப் பிரியம் அதிகம் என்று நோட்டில் எழுதினேன். அவள் ஒருநாள், அங்கிள், மீ பாக்ஸ் எக்கட உந்தி என்று பெட்டி இருக்கும் இடத்தைக் கேட்டாள். பத்திரமாக இருக்கிறது என்று பதில் சொன்னேன். அது உண்மைதான்.

லைன்மேன் இஸ்மாயில் மூன்று முறை வந்தார். ஐம்பது வயது இருக்கும், முழங்கால் வலியோடு கம்பத்தில் ஏறுகிற மனிதர். முதல் இரண்டு முறையும் வெளியே கம்பத்தில் சோதித்துவிட்டு, லைன் ஏக்தம் சாஃப் சாப், டென்ஷன் நக்கோ என்று, லைனில் பழுதே இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். மூன்றாம் முறை, போன மாதக் கடைசியில், மூச்சு வாங்க உள்ளே வந்து பெட்டியைக் காட்டுங்கள் என்றார். நான் இரண்டு சாவியையும் எடுத்து வந்தேன். எதற்குச் சாவி என்று கேட்டார். ரயில்வேயில் சிக்னல் கருவிகள் இருக்கும் ரிலே ரூமுக்கு எப்போதும் இரட்டைப் பூட்டு, ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், ஒரு சாவி இன்ஸ்பெக்டரிடம், ஒருவர் இல்லாமல் ஒருவர் திறக்கக் கூடாது, அந்த முறைப்படி ஒரு சாவி உன் அம்மாவிடமும் ஒன்று என்னிடமும் இருக்கிறது என்று விளக்கினேன். பிறகு படுக்கையறையில் இருக்கும் இரும்பு அலமாரியைத் திறந்தேன். உன் கல்யாணப் புடவைகளுக்கு மேல் தட்டில் பெட்டி பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. இஸ்மாயில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அரே சாப், நெட்டுக்கு ஜெயில் கைக்கு, எதற்கு இந்த ஜெயில், அது என்ன கொலையா செய்தது என்றார். இரும்புக்குள் பூட்டினால் வெளியே எப்படி வரும், கதவு இடுக்கு வழியாக வந்ததைத்தான் இத்தனை நாள் நீங்கள் உபயோகித்திருக்கிறீர்கள், அதற்கே அல்லாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன், பாய், என் மகள் இதை வாங்கிப் போட்ட அன்று, அப்பா இதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள், அதைத்தான் செய்தேன். அலமாரியின் பின்பக்கம் ஒயருக்குத் துளை போட்டு, ஒயர் உரசாமல் ரப்பர் வளையமும் மாட்டியிருந்தேன், அதை யாரும் பாராட்டவில்லை. பெட்டி இப்போது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருக்கிறது. இஸ்மாயிலுக்கு டீயும் முறுக்கும் கொடுத்தோம், வாசல் வரை சிரித்துக்கொண்டே போனார். நீயும் சிரித்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்கு மேல் நடந்ததையும் படி.

அடுத்த ஞாயிறு காலை நீ கூப்பிட்டாய். படம் கண்ணாடி மாதிரி வந்தது, உன் பின்னால் சுவரில் கடிகாரத்தின் விநாடி முள் நகர்வது கூடத் தெரிந்தது, குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். நீ போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்து, முதுகைக் காட்டியபடி அரிசி களைந்துகொண்டே பேசினாய். உன் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நெட் இன்னிக்கும் சரியில்லை, நீங்க பேசுங்க என்று போனை என்னிடம் நீட்டினாள். வாடகை ரசீது வாங்க வந்திருந்த பூர்ணா அவளுக்குப் பின்னால் நின்றபடி, ஆன்ட்டி, நெட் சூப்பர்கா உந்தி கதா, நன்றாகத்தானே வருகிறது என்றாள். உன் அம்மா திரும்பவில்லை. பூர்ணா இன்னும் கொஞ்சம் உரக்க ஆன்ட்டி என்றாள். அதற்கும் திரும்பவில்லை. பூர்ணா என்னைப் பார்த்தாள். ரசீதைக் கூட வாங்காமல் மெதுவாக மாடிக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், வேறு யாராவது இருந்தால் அங்கேயே வாயைத் திறந்து கேட்டிருப்பார்கள்.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு வருஷமாகக் குக்கர் விசில் எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தாள். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறாள் என்று நானும் கௌரவமாக எண்ணிக்கொண்டிருந்தேன். ரயிலின் ஹாரன் சத்தத்தை வைத்து எத்தனை வேகம் என்று சொல்லக்கூடியவன், பக்கத்து நாற்காலியில் இருப்பவளைக் கவனிக்கவில்லை. அவளிடம் நேராகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நோட்டை எடுத்து அன்றைய தேதி போட்டு, படம் நன்று, குரல் நன்று, விஜயகுமாரி நெட் சரியில்லை என்கிறாள் என்று உன் அம்மாவின் பெயரைப் போட்டு எழுதி, காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, பேனாவோடு சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அந்தக் கட்டத்தில் காது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். அதன் கீழே சின்ன எழுத்தில், இரண்டு வருஷமாக என்று இருந்தது.

அம்மா உன்னிடம் வர மறுத்ததற்குக் குளிர் காரணமில்லை, ரோகிணி. அன்று மத்தியானம் அவளே சொன்னாள். ரோகிணி அசந்து தூங்குவா, மாப்பிள்ளை வேலைக்குப் போயிடுவார், குழந்தை அழும், நான் பக்கத்து ரூம்ல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பேன், அப்படி ஒரு ஆள் அங்கே எதுக்கு என்றாள். சொல்லிவிட்டு நிஜமாகவே வெங்காயம் உரிக்கப் போனாள். நெட் அடிக்கடி நின்றுகொண்டிருந்த வரைக்கும் அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. படம் நன்றாக வந்தால் உன் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வாளாம். நான் பெட்டியைப் பூட்டி வைத்து அந்தப் பாதியையும் எடுத்துவிட்டு, சாக்கை மட்டும் கொடுத்திருக்கிறேன். உனக்குத் தெரிவிக்கட்டுமா என்று எழுதிக் காட்டினேன். எழுதுங்கள், போனில் சொல்லாதீர்கள், அவள் அழுதால் எனக்கு முகம்தான் தெரியும், என்ன சொல்லி அழுகிறாள் என்று தெரியாது என்றாள். அதனால்தான் கடிதம்.

தார்நாகாவில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கள் என்றார்கள். கேட்காதபோதும் மரியாதைக்கு இரண்டு தடவை அமுக்கியிருக்கிறாள், அதனால் முதலிலிருந்து மறுபடி செய்தார்கள். நரம்பு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார் டாக்டர். இரண்டு வாரம் பழகிப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் ஃபேனை நிறுத்தச் சொன்னாள், பிறகு நீங்கள் இவ்வளவு சத்தமாகவா மெல்லுகிறீர்கள் என்று கேட்டாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக வாயை மூடிச் சாப்பிடுகிறேன். போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது அம்மா குளிக்கிறாள் என்றேன். முக்கால் மணி நேரம் யாரும் குளிப்பதில்லை. மெஷினோடு வருவதா கழற்றிவிட்டு வருவதா என்று தீர்மானமாகாமல் உள்ளே உட்கார்ந்திருந்தாள். பொய்க்கு மன்னித்துக்கொள்.

நேற்று என்ன செய்தாள் தெரியுமா. அடுத்த சந்தில் இருக்கும் ராஜியின் மகளுக்கு நாலு மாதக் குழந்தை. அங்கே போய், நீங்க ரெண்டு பேரும் உங்க வேலையைப் பாருங்க, நான் பக்கத்து ரூம்ல கதவைச் சாத்திட்டு இருக்கேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். ராஜிக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குப் போன் செய்து அக்காவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று கேட்டாள். குழந்தையும் நல்ல குழந்தை, இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறது. உன் அம்மா காபி கூட வேண்டாம் என்று அசையாமல் இருந்தாளாம். கடைசியில் அது அழவில்லை, அழப்போவதற்கு முன் சிணுங்குமே, அவ்வளவுதான். ராஜி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப் போனபோது, குழந்தை ஏற்கெனவே உன் அம்மாவின் தோளில் இருந்ததாம். வீட்டுக்கு வந்து சாதம் போட்டாள், ரசம் ஊற்றினாள். பிறகு வெளிநாட்டு விமானத்தில் ஆளுக்கு எத்தனை கிலோ விடுவார்கள் என்று கேட்டாள். எந்த ஆளுக்கு என்று நான் கேட்கவில்லை.

நீ இரும்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு, நின்றுகொண்டே சமைக்காதே, இனிமேல் அம்மாவோடு பேசும்போது அரிசி களையாதே, முகத்தைக் காட்டி நிதானமாகப் பேசு. மெஷினைப் பற்றி நீயாக எதுவும் கேட்க வேண்டாம், அவளே காட்டுவாள். நீ வாங்கிப் போட்ட நெட்டுக்கு நன்றி. கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் பேசாமல் இருந்ததற்கும் நன்றி, இல்லாவிட்டால் நான் இன்னும் கம்பெனியோடுதான் பேசிக்கொண்டிருப்பேன். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். நீ சுகமாகப் பெற்றெழுந்து, தாயும் பிள்ளையும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

ஒன்றை மறக்காதே. ஒரு தடவை முடியாது என்று சொல்லிவிட்டவள், தானாக வருகிறேன் என்று சொல்ல மாட்டாள். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு அவளை மறுபடியும் அங்கே வரச் சொல்லிக் கூப்பிடு. முதல் தடவை காதில் விழாத மாதிரி இருப்பாள். மெஷினில் கோளாறு ஒன்றும் இருக்காது. இன்னொரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சம்பந்தம்